நிழலுருவில் விமானம் அறிதல்: வங்கக் கடலோரத்தின் போர்க்காலப் புதிர்கள்

விமானம் அறிதல் என்பது, வானில் தெரியும் ஒரு விமானம் எந்த வகையைச் சேர்ந்தது, எந்த நாட்டுக்குரியது என்பதை அதன் உருவத்தில் உள்ள சில அடையாளங்களைக் கொண்டே சொல்லும் திறனாகும். பழைய, அரிய விமானம் ஒன்றைப் பற்றி மறைபொருளாகச் சில குறிப்புகளைத் தந்து அதன் பெயரைக் கேட்பது இன்று உலகெங்கும் விமான ஆர்வலர்களின் பொழுதுபோக்காக இருக்கிறது. ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது பொழுதுபோக்காக இருக்கவில்லை. இங்கிலாந்து முதல் இலங்கை வரை, பீரங்கிக்கருகே நின்றவர்களும் விமானத்தில் அமர்ந்தவர்களும் சில நொடிகளில் விடை சொல்ல வேண்டியிருந்தது. விடை தவறியபோது உயிர்கள் போயின.

நம் ஊர் விடுகதைகளும் இதே வழியில்தான் அமைகின்றன. ஒரு பொருளின் முழு உருவத்தைச் சொல்லாமல், அதற்கு மட்டுமே பொருந்தும் இரண்டு மூன்று இயல்புகளைச் சொல்லிக் கேட்பவரை யோசிக்க வைப்பார்கள். அந்த முறையில் ஒரு விடுகதை இதோ: தோளில் ஒரே சிறகு, சிறகில் நான்கு என்ஜின், ஒன்பது பயணிகளுக்கு இருக்கை, உடன்பிறந்தோர் தன்னையும் சேர்த்து எட்டுப் பேர், ஆட்களை ஏற்றப் பிறந்தது, முதுமையில் துப்பாக்கி ஏந்தி இந்தியக் கடலைக் காத்தது. அது எது? விடை கட்டுரையின் பிற்பகுதியில் வருகிறது. அதற்குள் வாசகர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

எள்ளளவு உருவம்

வானில் ஒரு விமானத்தைக் கண்டு வகை சொல்வது ஏன் கடினம் என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும். ஜப்பானியக் கடற்படையின் சீரோ போர் விமானத்தின் இறக்கை அகலம் 12 மீட்டர். மூன்று கிலோமீட்டர் தொலைவில் அது வரும்போது, கையை நீட்டிப் பிடித்த எள் ஒன்றின் அளவுக்குத்தான் தெரியும். அந்த எள்ளில் இறக்கை நுனி வட்டமா சதுரமா என்று பார்க்க வேண்டும். வருவது மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் குண்டுவீச்சு விமானமாக இருந்தால், மூன்று கிலோமீட்டரைக் கடக்க அதற்குச் சுமார் 40 நொடி போதும். பார்த்து, முடிவு செய்து, பீரங்கியைத் திருப்ப அவ்வளவுதான் நேரம்.

அளவும் கைகொடுக்காது. பிரிட்டிஷ் ஹரிக்கேன் விமானத்தின் இறக்கை அகலம் 12.2 மீட்டர். சீரோவுக்கும் அதற்கும் ஒரு சாண் வேறுபாடுகூட இல்லை. இரண்டும் ஒற்றை என்ஜின், ஒற்றை ஆள், தாழ்ந்த இறக்கை கொண்டவை. வேறுபாடு மூக்கில் இருந்தது. ஹரிக்கேனின் மூக்கு நீண்டு கூராக முடியும். சீரோவின் மூக்கு மழுங்கி உருண்டையாக இருக்கும், ஏனெனில் அதன் என்ஜினில் சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. பக்கவாட்டில் பார்த்தால் இது தெரியும். நேர் எதிரே வரும்போது தெரிவது அரிது.

எனவே பயிற்சி பெறுவோருக்கு நான்கு கேள்விகளை மனப்பாடமாக்கினார்கள். இறக்கை எப்படி? என்ஜின் எத்தனை, எவ்வகை? உடல் எப்படி? வால் எப்படி? அமெரிக்கப் படைகளில் இந்நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாக்கி ஓதவைத்தார்கள். ஒவ்வொரு முறையும் தவறு என்று பொருள் வரும்படி சிப்பாய்கள் அந்தச் சொல்லுக்கு வேறு விரிவு சொல்லிச் சிரித்ததும் உண்டு. அந்தக் கேலியில் உண்மை இல்லாமலில்லை.

போர் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள், 1939 செப்டம்பர் 6 அன்று, இங்கிலாந்தின் தென்கிழக்கு வானில் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் தம் நாட்டு ஹரிக்கேன்களையே எதிரி என்று நினைத்துத் தாக்கி இரண்டை வீழ்த்தின. மாண்டேக் ஹல்டன்-ஹாரப் என்ற இளம் விமானி இறந்தார். ‘பார்க்கிங் கிரீக் சண்டை’ என்று வரலாற்று நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. எதிரி அன்று அந்த வானுக்கு வரவே இல்லை. இந்த ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு விமானம் அறிதலை யாரும் சிறு விஷயமாகக் கருதவில்லை.

இங்கிலாந்தில் 1925 முதலே இயங்கிய நோக்கர் படை என்ற அமைப்பு, மேடுகளில் சிறு காவலிடங்கள் அமைத்து வானத்தைப் பார்த்துத் தொலைபேசியில் செய்தி சொல்லி வந்தது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கடைக்காரர், குமாஸ்தா, ஆசிரியர் போன்ற தன்னார்வலர்கள். 1941இல் ‘ஏரோப்ளேன் ஸ்பாட்டர்’ என்ற இதழ் தொடங்கியது. அதில் கறுப்பு நிழலுருவப் படங்களும் பெயரில்லாத புகைப்படங்களும் புதிர்களாக வெளிவந்தன. வானம் பார்ப்போர் மன்றங்கள் ஊர்தோறும் தோன்றின. மன்றங்களுக்கிடையே போட்டிகள் நடந்தன. இன்றைய புதிர் விளையாட்டின் நேரடி மூதாதை இதுதான் எனலாம்.

அமெரிக்காவில் 1942இல் கடற்படை, ஐந்து லட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தருமாறு பள்ளிகளைக் கேட்டது. 72இல் ஒரு பங்கு அளவில் மரத்தில் செதுக்கி, முழுவதும் கறுப்பு வண்ணம் பூச வேண்டும். மாணவர்கள் செய்தும் கொடுத்தார்கள். ஏன் கறுப்பு? வண்ணமும் எழுத்தும் சின்னமும் கண்ணை ஏமாற்றும். தொலைவில் எஞ்சுவது வடிவம் மட்டுமே. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைத் தொழில் அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அச்சிலிருந்து எடுத்து, வண்ணமும் பளபளப்பும் ஏறுமுன் வரிசையாக வைத்திருக்கும்போது பிள்ளையாரையும் யானையையும் பிரித்துக் காட்டுவது வெளிக்கோடு ஒன்றுதான்.

ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ரென்ஷா என்ற உளவியலாளர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். நிழலுருவப் படத்தை ஒரு நொடியின் மிகச் சிறு பகுதி நேரம் மட்டுமே திரையில் காட்டி மறைத்து விடுவார். இறக்கை, என்ஜின், வால் என்று தனித்தனியாக எண்ணிப் பார்க்க நேரமிருக்காது. தெரிந்தவர் முகத்தைக் கூட்டத்தில் அடையாளம் காண்பதுபோல் முழு உருவத்தையும் ஒரே பார்வையில் அறிய வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை பிறகு சொல்லைச் சொல்லாகவே படிக்கப் பழகுவதும் இதே முறைதான். அமெரிக்கக் கடற்படை இந்த முறையை ஏற்றுக்கொண்டது.

நான்காவது புகைபோக்கி

உருவத்தைக் கொண்டு ஏமாறுவது சென்னைக்குப் புதிதல்ல. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. ‘எம்டன்’ என்ற சொல் தமிழில் கில்லாடியான, அடங்காத ஆளைக் குறிக்கும் சொல்லாகவே நிலைத்துவிட்டது.

அந்தக் கப்பலுக்குப் புகைபோக்கிகள் மூன்று. அக்காலப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சிலவற்றுக்கு நான்கு. கடலில் தொலைவிலிருந்து கப்பலை அடையாளம் காண்போர் முதலில் எண்ணுவது புகைபோக்கிகளைத்தான். எம்டனின் தலைவர் முல்லர் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டார். 1914 அக்டோபர் 28 அதிகாலையில் இந்த வேடத்துடனேயே பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தார். ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பக்கூடாது என்ற பாடம் கப்பல்காரர்களுக்கு அப்போதே கிடைத்துவிட்டது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு விமானங்களை அறிய நான்கு கேள்விகள் தேவைப்பட்டதும் இதே காரணத்தால்தான்.

1942 ஏப்ரல்

வங்கக் கடலோரத்துக்கு உண்மையான சோதனை 1942 ஏப்ரலில் வந்தது. சிங்கப்பூரும் ரங்கூனும் ஜப்பானியர் வசம் போய்விட்டிருந்தன. ஏப்ரல் 4 அன்று, இலங்கையின் தென்முனையில் உள்ள கொக்கலையிலிருந்து புறப்பட்ட காட்டலினா கடல்விமானம் ஒன்று, இலங்கைக்குத் தென்கிழக்கே பெரியதொரு ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அதை ஓட்டியவர் கனடா நாட்டவரான லெனார்ட் பர்ச்சால். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சீரோ விமானங்கள் அதைச் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிர் தப்பிப் போர்க்கைதிகளானார்கள். ஆனால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. முன்னறிவிப்பு இருந்தும், ரத்மலானை விமானத் தளத்தில் எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வந்த பிறகே ஹரிக்கேன்கள் அவசரமாக எழும்பின. நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அந்த நேரத்தில் திருகோணமலைப் பக்கமிருந்து டார்பிடோக்களுடன் ரத்மலானையை நோக்கி வந்துகொண்டிருந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் நேராக இந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டன. இரட்டை இறக்கையும் துணிப் போர்வையும் கொண்ட மெதுவான விமானங்கள் அவை. ஆறும் வீழ்த்தப்பட்டன. அதே நாள் கடலில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டு 424 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. ஏப்ரல் 9இல் திருகோணமலை தாக்குண்டது. மட்டக்களப்புக் கடலில் ஹெர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது.

ஜப்பானியரும் இந்தப் புதிரில் தவறவே செய்தார்கள். ஏப்ரல் 9 அன்று ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் அவர்களுடைய கப்பற்படையின் மேலேயே வந்துவிட்டன. அககி கப்பலைச் சுற்றிக் குண்டுகள் விழுந்து நீர் எழும்பும் வரை கப்பலில் இருந்தவர்கள் கவனிக்கவில்லை. குண்டு எதுவும் படவில்லை என்பது அவர்களின் நல்லூழ். பிளென்ஹைம்களில் ஐந்து தளத்துக்குத் திரும்பவில்லை.

97 என்ற ஒரே பெயர்

கொழும்பிலும் திருகோணமலையிலும் அந்த விமானங்களைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. பார்த்ததைச் சொல்லப் பெயர் இல்லை. இன்று நூல்களில் அவற்றை ‘கேட்’, ‘வால்’ என்று எளிதாகக் குறிப்பிடுகிறோம். 1942 ஏப்ரலில் அந்தப் பெயர்கள் பிறக்கவே இல்லை.

ஜப்பானியர் தம் விமானங்களுக்கு ஆண்டைக் கொண்டு எண் இட்டார்கள். அவர்களின் அரச மரபு ஆண்டுக் கணக்கில் 1940 என்பது 2600. அந்த ஆண்டில் ஏற்கப்பட்ட கடற்படைப் போர் விமானம் ‘வகை 0’ ஆயிற்று. சீரோ என்ற புகழ்பெற்ற பெயர் வந்த வழி இதுதான். அதே ஆண்டைத் தரைப்படை ‘வகை 100’ என்று எண்ணியது. 1937 என்பது 2597. எனவே ‘வகை 97’. இப்போது குழப்பத்தைப் பாருங்கள். கடற்படையின் டார்பிடோ விமானம் பி5என் வகை 97. கடற்படையின் நான்கு என்ஜின் பறக்கும் படகு எச்6கே வகை 97. தரைப்படையின் இரட்டை என்ஜின் குண்டுவீச்சு விமானம் கி-21 வகை 97. தரைப்படையின் ஒற்றை ஆள் போர் விமானம் கி-27 வகை 97. வேவு விமானம் கி-15 அதுவும் வகை 97. ‘97 ஒன்று வருகிறது’ என்று தொலைபேசியில் சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஒரு வகுப்பில் ஐந்து பேருக்குப் பதிவெண் ஒன்றாக இருப்பதுபோன்ற நிலை.

உருவ அடையாளங்கள் தெரிந்தவருக்கு இந்த ஐந்தையும் பிரிப்பது கடினமல்ல. என்ஜின் எண்ணிக்கையே பாதி வேலையை முடித்துவிடும். கொழும்புக்கு வந்த மூவகைகளையும் இப்படிப் பிரிக்கலாம். சக்கரக் கால்கள் மடங்காமல், உறையணிந்து கீழே நீட்டிக்கொண்டிருந்தால் அது செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் டி3ஏ. கால் மடங்கி, மூவர் ஒருவர் பின் ஒருவராக அமரும் நீண்ட கண்ணாடிக் கூடு இருந்தால் பி5என். கூடு குட்டையாக, ஒருவருக்கு மட்டும் இருந்தால் சீரோ.

இந்த அறிவு வரலாற்று ஆராய்ச்சிக்கும் உதவுகிறது. திருகோணமலையில் 91ஆம் எண் எண்ணெய்த் தொட்டியின் மேல் ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானம் ஒன்று விழுந்து, தொட்டி ஏழு நாள் எரிந்தது. உருகி வளைந்த அதன் இரும்பு இன்றும் அங்கே உள்ளது. விமானி வேண்டுமென்றே மோதினாரா, சுடப்பட்டு விழுந்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த விமானத்தில் மூன்று பேர் இருந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அது சரியென்றால் விமானம் எந்த வகை என்பதும் தெரிந்துவிடுகிறது. சீரோவில் ஒருவர், டி3ஏயில் இருவர்; மூவர் ஏறுவது பி5என் மட்டுமே. மூன்று என்ற எண் ஒன்றே துப்பு.

பெயர் வைத்தவர்கள்

1942 நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவில் இருந்த நேச நாட்டு உளவுப் பிரிவில் ஃபிராங்க் மெக்காய் என்ற அமெரிக்கக் கேப்டனும் அவருடைய இரு உதவியாளர்களும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு கண்டார்கள். மிக எளிய வழி. போர் விமானங்களுக்கு ஆண் பெயர், குண்டுவீச்சு விமானங்களுக்கும் வேவு விமானங்களுக்கும் பெண் பெயர், பயிற்சி விமானங்களுக்கு மரங்களின் பெயர், சறுக்கு விமானங்களுக்குப் பறவைப் பெயர். பெயரைக் கேட்டவுடனேயே வகை தெரிந்துவிடும். மெக்காய் டென்னசி மாநிலத்துக்காரர். சீக், நேட், ரூஃப் என்று தம் நாட்டுப்புறத்துப் பெயர்களையே முதலில் சூட்டினார். பி5என் ‘கேட்’ ஆயிற்று, டி3ஏ ‘வால்’ ஆயிற்று, சீரோ ‘சீக்’ ஆயிற்று. மண்ணாங்கட்டி, குப்புசாமி என்று நம் கிராமத்துக்காரர் ஒருவர் பெயர் வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நுனி வெட்டிய இறக்கையுடன் ஒரு சீரோ தென்பட்டபோது அதைப் புது விமானம் என்று நினைத்து, அமெரிக்க விமானப் படைத் தளபதி ஆர்னால்டின் செல்லப் பெயரான ‘ஹாப்’ என்பதை வைத்தார்கள். தளபதிக்கு அது பிடிக்கவில்லை. உடனே ‘ஹாம்ப்’ என்று மாற்றினார்கள். பிறகுதான் தெரிந்தது, அது பழைய சீரோவின் மறுவடிவமே என்று. ‘சீக் 32’ என்று மூன்றாம் முறை பெயர் மாறியது.

இன்னும் வேடிக்கை, இல்லாத விமானங்களுக்கும் பெயர் வைத்தது. ஜெர்மனியின் விமானங்களை ஜப்பான் கட்டாயம் பயன்படுத்தும் என்று எதிர்பார்த்து, மெசர்ஷ்மிட் 109க்கு ‘மைக்’, ஃபோக்கவுல்ஃப் 190க்கு ‘ஃபிரெட்’, யுங்கர்ஸ் 87க்கு ‘ஐரீன்’ என்று பெயர்கள் தயாராக இருந்தன. அந்த எதிரிகள் பசிபிக் போர்முனைக்கு வரவே இல்லை. எதிர்பார்ப்பு கண்ணை எப்படி ஆளும் என்பதற்கு இந்தப் பட்டியல் நல்ல சான்று. பெயர் கையில் இருந்தால், அதற்குரிய உருவத்தை வானில் ‘பார்த்துவிடுபவர்கள்’ எல்லாக் காலத்திலும் உண்டு.

மெக்காயின் பிரிவு வானத்தை மட்டும் பார்க்கவில்லை. வீழ்ந்த விமானங்களின் சிதைவுகளிலிருந்து பெயர்த்தகடுகளையும் வரிசை எண்களையும் சேகரித்தது. எந்தத் தொழிற்சாலை, எந்த மாதம், எத்தனையாவது விமானம் என்பவை அவற்றிலிருந்து தெரிந்தன. முழுமையான சீரோ ஒன்று கிடைத்தது வேறிடத்தில். 1942 ஜூன் 4 அன்று அலாஸ்காவை அடுத்த அகுட்டான் தீவில் ஒரு சீரோ சதுப்பு நிலத்தில் இறங்கிக் கவிழ்ந்தது. விமானி கோகா இறந்தார். ஜூலையில் அமெரிக்கர்கள் அதைக் கண்டெடுத்துப் பழுது பார்த்துப் பறக்கவிட்டார்கள்.

சிவப்பு வட்டம்

வடிவம் தெரியாவிட்டாலும் சின்னம் தெரியுமே என்று தோன்றலாம். ஜப்பானிய விமானங்களில் சிவப்பு உதயசூரிய வட்டம் இருந்தது. பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்திலும் நடுவில் சிவப்புப் பொட்டு இருந்தது. அமெரிக்க விமானங்களின் வெள்ளை நட்சத்திரத்துக்கு நடுவிலும் சிவப்புப் பொட்டு இருந்தது. பதற்றத்தில் இருக்கும் துப்பாக்கிக்காரனுக்குச் சிவப்பு தெரிந்தால் போதும், மற்றதைப் பார்க்க மாட்டான்.

1942 மே மாதம் அமெரிக்கர்கள் நட்சத்திரத்தின் சிவப்புப் பொட்டை நீக்கினார்கள். இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்த பிரிட்டிஷ் விமானங்களிலும், இந்திய விமானப் படையின் விமானங்களிலும் சிவப்பு அகற்றப்பட்டு நீலமும் வெளிர் நிறமும் மட்டுமே எஞ்சின. பகைவனின் நிறம் என்பதற்காகத் தன் சின்னத்தையே மாற்றிக்கொள்வது எந்தப் படைக்கும் எளிதான முடிவல்ல. தம் ஆட்களின் கண்ணை எவ்வளவு நம்பினார்கள் என்பதை அந்த முடிவே சொல்கிறது.

விடுகதையின் விடை

1942 ஏப்ரலில் சென்னை பெரும் பீதியில் இருந்தது. ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு, இன்றியமையாத பணியில் இல்லாதவர்கள் நகரை விட்டு வெளியேறுவது நல்லது என்று அறிவித்தது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. மூர் மார்க்கெட்டை அடுத்த உயிரியல் பூங்காவில் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் அவை தெருவுக்கு வந்துவிடும் என்ற அச்சமே காரணம். ரயில் நிலையங்களில் கூட்டம் நெரிந்தது. எதிர்பார்த்த படையெடுப்பு வரவில்லை. 1943 அக்டோபரில் ஓர் இரவு, ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுச் சென்றது.

அந்தக் காலத்தில் கடலைக் காக்க இந்தியாவிடம் இருந்தவை எவை? இந்திய விமானப் படையின் கடலோரக் காவல் பிரிவுகள் சென்னை, மும்பை, கல்கத்தா, கராச்சி, கொச்சி, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களில் அமைக்கப்பட்டன. தன்னார்வத்துடன் சேர்ந்த விமானிகளும் பழைய விமானங்களும்தான் அவற்றின் மூலதனம். திறந்த இருக்கையும் இரட்டை இறக்கையும் கொண்ட வாபிடி விமானங்கள் இருந்தன. இந்திய விமானப் படையின் முதல் பிரிவு 1933இல் அமைந்தபோது பெற்ற முதல் விமானமும் இதுவே.

அவற்றோடு சேர்ந்ததுதான் விடுகதையின் விடை: ஆம்ஸ்ட்ராங் விட்வர்த் அட்டலாண்டா. 1932 ஜூனில் முதன்முதலாகப் பறந்த பயணிகள் விமானம். இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தின் ஆப்பிரிக்க வழிக்கும் கராச்சி – சிங்கப்பூர் வழிக்கும் என்று செய்யப்பட்டது. கட்டியவை எட்டே எட்டு. உடலின் உச்சியில் பொருந்திய ஒரே இறக்கையில் தலா 340 குதிரைத்திறன் கொண்ட நான்கு சர்வல் என்ஜின்கள். சூடான நாடுகளில், உயரமான ஓடுதளங்களில், ஓர் என்ஜின் நின்றாலும் பறக்க வேண்டும் என்பதால் நான்கு. பயணிகள் ஒன்பது பேர் வசதியாக அமரலாம். போருக்கு முன்பே மூன்று அழிந்துவிட்டன. எஞ்சிய ஐந்தையும் 1941 மார்ச்சில் இந்தியாவில் பிரிட்டிஷ் விமானப் படை எடுத்துக்கொண்டது; ஈராக்குக்குப் படைவீரர்களை ஏற்றிச் சென்றன. அவ்வாண்டு டிசம்பரில் இந்திய விமானப் படையிடம் கடல் வேவுக்காகக் கொடுக்கப்பட்டன. ஆயுதம் என்று சொல்ல ஒரே ஓர் இயந்திரத் துப்பாக்கி. அதையும் வழிகாட்டியாக வருபவரே இயக்க வேண்டும். சீரோ ஒன்று எதிர்ப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த விமானங்களில் மணிக்கணக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் துணிவைப் பற்றி நம் பாடநூல்கள் ஒரு வரியும் எழுதாதது வருந்தத்தக்கது.

அட்டலாண்டாவின் கடைசிக் காவல் பறப்பு 1942 ஆகஸ்ட் 30 அன்று நடந்தது. மீந்த இரண்டும் 1944 ஜூன் வரை சுமை தூக்கின. இன்று உலகில் எங்கும் ஓர் அட்டலாண்டாகூட இல்லை. எட்டு மட்டுமே பிறந்த விமானம் என்பதால் புதிர் போடுவோருக்கு இது இன்றும் பிடித்தமான ஒன்று.

பிறகு நிலைமை மாறியது. சோழவரம், சூலூர், அரக்கோணம், செட்டிநாடு, கயத்தாறு எனத் தமிழகம் எங்கும் ஓடுதளங்கள் எழுந்தன. விருத்தாசலத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில், அன்று அதே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த உளுந்தூர்ப்பேட்டையின் கைவிடப்பட்ட ஓடுதளமும் அக்காலத்தது. அவை பெருகப் பெருகத் தமிழக வானில் பறந்தவற்றில் மிகப் பெரும்பான்மை சொந்த விமானங்களாயின. வானத்தைப் பார்ப்பவரின் வேலை பகைவனைக் கண்டுபிடிப்பது என்பதிலிருந்து, நண்பனைச் சுடாமலிருப்பது என்பதாக மாறியது.

வகைப்பெயர் இல்லாத விமானம்

இவ்வளவுக்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன், சென்னை வானில் ஒரு விமானம் பறந்தது. அது எந்தக் கையேட்டின் நிழலுருவ வரிசையிலும் இடம்பெறாது. லூயி பிளேரியோ 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி உலகெங்கும் பரவியிருந்த நேரம். மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்திய ஜாக்கமோ தி’ஆஞ்செலிஸ் என்பவர் தாமே ஒரு விமானத்தை வடிவமைத்தார். அதைக் கட்டித் தந்தது சென்னையின் சிம்ப்சன் நிறுவனம்; குதிரை வண்டிகளும் மோட்டார் வண்டிகளும் செய்து பழகிய பட்டறை அது. 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அவர் அதை ஓட்டிப் பார்த்தார். பிறகு தீவுத் திடலில் மக்கள் முன் பறந்து காட்டினார். கல்கத்தாவிலும் அலகாபாத்திலும் வெளிநாட்டு விமானிகள் வந்து காட்சி நடத்தியது அவ்வாண்டு டிசம்பரில்தான். ஹென்றி பெக்கே அலகாபாத்திலிருந்து நைனிக்குச் சுமார் 6500 கடிதங்களைக் கொண்டுபோய், உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் என்ற புகழைப் பெற்றது 1911 பிப்ரவரி 18இல்.

நான்கு கேள்விகளை இந்த விமானத்திடம் கேட்டுப் பார்க்கலாம். இறக்கை: மேலும் கீழுமாக இரண்டு. என்ஜின்: குறைந்த குதிரைத்திறனில் ஒன்று. உடலும் வாலும்: அக்கால இரட்டை இறக்கை விமானங்களைப் போல மரச் சட்டமும் கம்பியும் துணியுமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பெக்கே ஓட்டியதற்கு ஹம்பர்-சோமர் என்று தொழிற்சாலைப் பெயர் உண்டு. அதே வகையில் வேறு விமானங்களும் உண்டு. சிம்ப்சன் பட்டறையில் பிறந்ததற்குக் கூடப் பிறந்தவை இல்லை. அதைக் குறிக்க அதைச் செய்வித்தவரின் பெயரையே சொல்ல வேண்டியிருக்கிறது.